இருபதாவது இதழ்

பெட்டியை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாகிவிட்டது. இனி ஒரு மணி நேரத்துக்கு அதைச் சாயாமல் பிடித்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. கடைக்கு ஏ-ஃபோர் பேப்பர் வருகிற அட்டைப் பெட்டிதான், உள்ளே சுற்றிலும் கசக்கிய தாளை அணை கொடுத்து நடுவில் ராட்டினத்தை இறக்கியிருக்கிறேன். பன்னிரண்டு தொட்டில், ஒவ்வொன்றும் தீப்பெட்டியில் பாதி. பஸ் பாளையங்கோட்டையை விட்டுத் திரும்பும்போது உள்ளே ஏதோ ஒரு தொட்டில் ஆடி அடுத்ததைத் தட்டுகிற சத்தம் கேட்டது, அல்லது கேட்டதாக எனக்குத் தோன்றியது. மூடியைத் திறந்து பார்க்கலாம், திறந்தால் காற்று உள்ளே போகும். திறக்கவில்லை. கண்டக்டர் வந்து டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "என்னக்கா, கேக்கா?" என்றார். "இல்ல தம்பி, ராட்டினம்." கிழித்த டிக்கெட்டோடு ஒரு நிமிஷம் நின்றார். "ராட்டினமா?" "காகிதத்துல செஞ்சது." "அப்ப அந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடிங்க, வசவப்பபுரத்துல ஸ்பீடு பிரேக்கர் தூக்கிப் போடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எதற்கு, யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன். இதை வரைந்தவரிடம் காட்டப் போகிறேன் என்றா, அவரைக் கேட்காமல் அதை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டேன், இப்போது கூப்பிட்டிருக்கிறார், அதனால் போகிறேன் என்றா. இரண்டும் உண்மைதான். முதலாவதைச் சொல்லும்போது கேக் கொண்டுபோகிற ஆள் மாதிரி இருக்கிறது, இரண்டாவதைச் சொன்னால் ஸ்டேஷனுக்குப் போகிற ஆள் மாதிரி.

பதினேழு வருஷமாக நகல் எடுக்கிறேன். காலேஜுக்கு எதிரே சக்தி ஜெராக்ஸ் என்று போர்டு இருக்கும், அந்தச் சக்தி நான்தான், பிரம்மசக்தி. ஒரு நாளைக்கு எத்தனை புத்தகம் என் கண்ணாடி மேல் கவிழ்ந்து படுத்திருக்கும், கணக்கே கிடையாது. எகனாமிக்ஸ், கெமிஸ்ட்ரி, நர்ஸிங், முழுப் புத்தகம், ஸ்பைரல் போட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு. முதல் பக்கத்தைத் திருப்பினால் பின்னால் சின்ன எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கும், அனுமதியின்றி எந்தப் பகுதியையும் எந்த வடிவிலும். அதையும் சேர்த்துத்தான் நகல் எடுப்பேன். பிள்ளைகள் அந்தப் பக்கம் வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். ஒருநாளும் ஒரு முள் மாதிரிக்கூட அது எனக்குக் குத்தியதில்லை. இப்போது நாலே நாலு பக்கத்துக்காகத் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறியிருக்கிறேன். ஏன் அது குத்தவில்லை, இது குத்துகிறது என்று கொஞ்ச நாளாக யோசிக்கிறேன். எகனாமிக்ஸ் எழுதினவர் எனக்கு யாரோ. இதை வரைந்தவரின் கையை எனக்குத் தெரியும். மடிக்கிற இடத்தில் விட்டுவிட்டுப் போடுகிற புள்ளிக்கோடு, ஒட்டுகிற நாக்கில் அவர் போடுகிற சின்ன நட்சத்திரம், எந்த நட்சத்திரம் எந்த நட்சத்திரத்தோடு சேரும் என்கிற எண். ஒன்பது வருஷமாக என் கை அந்தக் கோட்டிலேயே போய்க்கொண்டிருக்கிறது. முகம் தெரியாத ஆளோடு அவ்வளவு நாள் பழகிவிட்டு அவர் பொருளை எடுத்தால் அது வேறு மாதிரி இருக்கிறது. இதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது, அறிந்தவர் வீட்டில் எடுத்தால் மட்டும்தான் திருட்டா என்று யாராவது கேட்பார்கள்.

இந்தப் பைத்தியம் வந்ததே மிஷினால்தான். பேப்பர் சிக்கும், மை திட்டாகும், கெட்டி அட்டையில் அடித்தது கோணலாக வரும், அதெல்லாம் மூலையில் சேரும். நல்ல அட்டை, தூக்கிப் போட மனசு வராது. மத்தியானம் கூட்டம் இல்லாதபோது அதில் ஒரு பெட்டி மடிப்பேன், ஒரு நாற்காலி மடிப்பேன். அப்படி இருக்கும்போதுதான் மார்க்கெட் பக்கம் பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு கிடைத்தது, காகிதக் கூடம் என்று பெயர் போட்ட மாதப் பத்திரிகை, மதுரையில் அச்சடித்தது, எண்பத்தைந்து, எண்பத்தாறில் வந்தது. ஒவ்வொரு இதழின் நடுவிலும் வெட்டி ஒட்டுகிற மாதிரி ஒரு அட்டை. வெட்டி ஒட்டத்தானே பத்திரிகை, அதனால் வாங்கினவர்கள் எல்லாரும் வெட்டிவிட்டார்கள். எனக்குக் கிடைத்த பதினோரு இதழில் ஒன்பதின் நடுவில் ஓட்டைதான் இருந்தது. ஜன்னல் மாதிரி ஓட்டை, அந்தப் பக்கம் வாசகர் கடிதம் தெரியும். வெட்டாமல் இருந்தது இரண்டே இரண்டு, பதினெட்டும் பத்தொன்பதும். யார் வீட்டிலோ அந்த இரண்டு மாதம் கத்திரிக்கோல் எடுக்க ஆள் இல்லை. பதினெட்டில் ராட்டினத்தின் சக்கரம், பத்தொன்பதில் அதைத் தாங்குகிற கால். கடைசி வரியில், மணல் பெட்டி அடுத்த இதழில், என்று இருந்தது. மேலே ஒரு பெட்டி, அதிலிருந்து மணல் மெல்ல ஒழுகி, சக்கரத்தின் பின்னால் இருக்கிற சின்னக் கிண்ணங்களில் விழுந்து, அந்தக் கனத்தில் ராட்டினம் தானாகச் சுற்றும். கரண்ட் வேண்டாம், சாவி வேண்டாம். படிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷத்தில் வருகிற சிரிப்பு. கீழே, வரைபடம் ஐ. மச்சாது.

அன்றிலிருந்து இருபதாவது இதழைத் தேடினேன். மதுரையில் பழைய புத்தகக் கடை எல்லாம் ஏறி இறங்கினேன், கல்யாணத்துக்குப் போன ஊரில்கூட நூலகம் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டேன். ஒரு நூலகத்தில் காகிதக் கூடம் என்றவுடன் ஸ்டேஷனரி கடைக்கு வழி சொன்னார்கள். சங்கரன்கோவிலில் குருநாதன் சார் என்று ஒருவர், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒன்றிலிருந்து பத்தொன்பது வரைக்கும் வைத்திருக்கிறார், எல்லாம் ஓட்டையோடு. அவரும் இருபதைத் தேடிக்கொண்டுதான் இருந்தார். என்னிடம் வெட்டாத பதினெட்டு இருக்கிறது என்று சொன்னதும் போனிலேயே அவர் மூச்சு மாறிவிட்டது. இரண்டு பேரும் மாதம் ஒரு தடவை பேசிக்கொள்வோம். "ஏதும் தட்டுப்பட்டுதாம்மா?" "இல்ல சார், உங்களுக்கு?" "இல்ல." அவ்வளவுதான் பேச்சு, ஆனால் போனை வைத்த பிறகு நன்றாக இருக்கும். உலகத்தில் எங்கோ ஒரு பரணில் அது இருக்கிறது, யாரோ அதன் மேல் அப்பளக் கட்டை வைத்திருக்கிறார்கள், நாம் போய்க் கேட்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைப்பேன். தேடுகிற பொருள் கிடைக்காமல் இருப்பதிலும் ஒரு நிம்மதி உண்டு என்று அப்போது தெரியவில்லை. இப்போது, வல்லநாட்டுப் பாலத்தில் பஸ் ஏறும்போது, கீழே ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீரில் யாரோ துணி அலசுவதைப் பார்க்கும்போது, அந்த ஒன்பது வருஷமும் நல்ல வருஷம்தான் என்று தோன்றுகிறது. பெட்டிக்குள் மறுபடி தொட்டில் தட்டியது. இந்தத் தடவை நிஜமாகவே கேட்டது.

போன ஆனியில்தான் அந்தக் காரியம் செய்தேன். காகித உருவம் செய்கிறவர்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், நூற்றைம்பது பேர் இருப்பார்கள். என் ராட்டினத்தின் படத்தைப் போட்டேன். எல்லாரும் மாதிரியைக் கேட்டார்கள். கேட்டவுடன் கொடுக்கிற கை எனக்கு, தொழில் அப்படி. இரண்டு இதழையும் ஸ்கேன் செய்து, அழுக்கை நீக்கி, போட்டுவிட்டேன். போடும்போது ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் கடையின் சீலை வைத்தேன், சக்தி ஜெராக்ஸ், பாளையங்கோட்டை, போன் நம்பர். எதைப் போட்டாலும் அந்தச் சீல் போடுவேன், பழக்கம். அது போய் உட்கார்ந்த மூலையில்தான் ஐ. மச்சாது என்ற பெயர் இருந்தது. தெரியாமல் செய்தேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். வக்கீலிடம் சொன்னேன், வீட்டுக்காரரிடம் சொன்னேன், குருநாதன் சாரிடம் சொன்னேன். ஆனால் திரையில் அந்தச் சீலை இழுத்துக்கொண்டு போய் விட்ட நேரம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அங்கே ஏதோ எழுத்து இருந்தது, வேறு மூலை வெறுமையாக இருந்தது, நான் இங்கேயே விட்டேன். எழுத்தைப் பார்த்தேனா. பார்த்தேன் என்றால் ஏன் நகர்த்தவில்லை. பார்க்கவில்லை என்றால் எழுத்து இருந்தது என்று எப்படி ஞாபகம் இருக்கிறது. இந்த இடத்தில் வந்து வந்து மனசு பேப்பர் மாதிரி சிக்குகிறது, இழுத்தால் கிழிகிறது. குழுவிலிருந்து அது கைமாறி எங்கெங்கோ போனது. இரண்டு மாதம் கழித்துக் குழுவில் ஒருவர் ஒரு படம் அனுப்பினார். வேறு எந்த ஊரிலோ ஒருவன் அதே ராட்டினத்தைக் கெட்டி அட்டையில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு விற்கிறான். மூலையை வெட்டியிருந்தான், சீலும் இல்லை, பெயரும் இல்லை. எனக்கு முதலில் வந்தது கோபம். என் சீலை எடுத்துவிட்டானே என்கிற கோபம். அது எவ்வளவு நேரம் இருந்தது, ஒரு டீ குடிக்கிற நேரம். அதற்குப் பிறகு டீ இறங்கவில்லை.

வக்கீல் உலகநாதன் நம் கடையில்தான் நகல் எடுப்பார். அவர் கேஸ் கட்டுக்கு நம்பர் போட்டுக்கொண்டே கேட்டேன். "பத்திரிகைய மூடி நாப்பது வருசம் ஆகப்போகுது சார், இன்னும் யாருக்குச் சொந்தம்?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பத்திரிகைய மூடுனா உரிமை மூடிராதும்மா. எழுதினவங்க இருக்கிற வரைக்கும் அவங்களுது, போன பிறகும் அறுபது வருசம் வாரிசுக்கு. உங்க வீட்டுல வச்சுப் பாக்க ஒண்ணு எடுத்தா யாரும் கேக்கப் போறதில்ல. ஊருக்கு விட்டீங்கன்னா அது வேற." "விட்டுட்டேனே சார்." "அப்ப அந்த ஆளத் தேடிக் கேட்டுருங்க. ஆள் கிடைக்கலன்னா தேடினதுக்கு ஒரு சாட்சி வச்சுக்குங்க." ஆளைத் தேடுவது எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆள் என்னைத் தேடி வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி, கடையில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். போனில் ஒரு பெண் குரல், வயசான குரல், ஆனால் தடுமாறாத குரல். "சக்தி ஜெராக்ஸா? ராட்டினத்தப் போட்டது நீங்கதானா?" ஆமாம் என்றேன். "நான் மச்சாது பேசுதேன். தூத்துக்குடி. இஞ்ஞாசியம்மாள் மச்சாது." ஒன்பது வருஷமாக மனசுக்குள் மச்சாது சார், மச்சாது சார் என்றே பேசியிருக்கிறேன், மீசை எல்லாம் வைத்திருந்தேன் அவருக்கு. ஒரு நொடியில் மீசை போய்விட்டது. "துபாய்ல எங்க அக்கா மகன் பார்த்துட்டுச் சொன்னான், நம்பரும் அதுலயே இருந்துச்சு. ஒருநாள் நேர்ல வாங்க. செஞ்சு வச்சிருந்தா அதையும் கொண்டாங்க." விலாசம் சொன்னார், வைத்துவிட்டார். நான் மன்னிப்பு என்று வாயைத் திறப்பதற்குள் ஒரு பையன் இருபத்தேழாவது பக்கம் விட்டுப்போச்சு என்றான்.

செஞ்சு வச்சிருந்தா அதையும் கொண்டாங்க. ஆறு நாளாக இந்த ஒரு வாக்கியத்தைத்தான் மெல்கிறேன். ஆசையாகச் சொன்னதா. சாட்சிப் பொருளைக் கொண்டா என்று சொன்னதா. கொண்டாங்க என்பதில் ங்க கொஞ்சம் அழுத்தமாக இருந்தது போலவும் இருந்தது. வீட்டில் அவரிடம் அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். அவர், ஆறுமுகநயினார், மில்லில் சூப்பர்வைசர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷன். மறுபடி சொல்லு என்றார், சொன்னேன். "எனக்குச் சாப்பிட வாங்கன்னு சொல்லுத மாதிரித்தான் கேக்கு" என்றார். இன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பக்கமும் அடிக்க அவருக்கு வராது, ஒரு பக்கம் தலைகீழாக விழும். காலையில் கிளம்பும்போது சொன்னேன், யாராவது முழுப் புத்தகம் கேட்டால் நாளைக்கு வரச் சொல்லுங்க என்று. "ஏன், நீ திருந்திட்டியா?" என்றார். திருந்தவில்லை, உங்களுக்கு அடிக்கத் தெரியாது என்றேன். சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிப் பஸ் வரைக்கும் வந்தார். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. தெய்வச்செயல்புரம் தாண்டிவிட்டது. வெயில் ஏறுவதற்கு முந்தின வெளிச்சம், உடை மரங்கள், முன் சீட்டில் ஒரு குழந்தை என் பெட்டியையே பார்க்கிறது. பயம் இருக்கிறது, ஆனால் பயத்துக்கு அடியில் வேறு ஒன்றும் இருக்கிறது. திட்டினாலும் திட்டட்டும், அந்தப் புள்ளிக்கோட்டைப் போட்ட கையை இன்றைக்குப் பார்த்துவிடுவேன். இருபதாவது இதழ் அவரிடம் இல்லாமலா இருக்கும். கேட்கலாமா. திருடின வீட்டிலேயே போய் மிச்சத்தையும் கேட்பதா. கேட்காமல் திரும்பினால் குருநாதன் சாருக்கு என்ன சொல்வது. கேட்கக் கூடாது. முதலில் மன்னிப்பு, பிறகு சீலைப் பற்றி, பிறகு அவர் சொல்வது. அவராகச் சொன்னால் கேட்கலாம். உப்பளம் வந்துவிட்டது, வெள்ளைக் குவியல், ஓலை மூடின குவியல், காற்றில் ஈரம். ஈரம் காகிதத்துக்கு ஆகாது. பெட்டி மேல் முந்தானையை இழுத்துப் போர்த்தினேன், அது எதைத் தடுக்கும் என்று தெரியாமலே.

சின்னக்கோயிலுக்குப் பின்னால் இருந்தது வீடு. கதவைத் திறந்தது அவர்தான், குள்ளமான உருவம், வெள்ளைப் புள்ளி போட்ட சேலை, தடித்த கண்ணாடி. "சக்தியா? வாங்க. பெட்டிய மேசையில வைங்க, மெல்ல." உட்காரும்முன் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் அடுக்கி வைத்தது ஒன்றும் வரவில்லை. "அம்மா, உங்களக் கேக்காம எடுத்துப் போட்டுட்டேன். உங்க பேரு மேலேயே எங்க கடைச் சீல் விழுந்துட்டுது. அத வச்சு ஒருத்தன் வித்துக்கிட்டும் இருக்கான்." மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் காது கொடுத்துக் கேட்டார், ஆனால் கை பெட்டி மூடியைத் திறந்துகொண்டிருந்தது. "அந்தச் சீலு இல்லன்னா உங்க நம்பருக்கு நான் எங்க போவேன்" என்றார். அவ்வளவுதான். ஆறு நாளாக நான் சுமந்ததை அப்படிப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு ராட்டினத்தை இரண்டு கையாலும் தூக்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், ஏறக்குறைய மூக்கில் இடிக்கிற அளவுக்கு. சக்கரத்தை விரலால் சுண்டினார். சுற்றியது, பன்னிரண்டு தொட்டிலும் நிமிர்ந்தபடியே ஏறி இறங்கின. அவர் முகம் தெளியவில்லை. மறுபடி சுண்டினார். காதைப் பக்கத்தில் வைத்தார். "உரசலையே" என்றார், புகார் சொல்கிற மாதிரி. "இது உரசணுமே." காலுக்கும் அச்சுக்கும் நடுவில் விரலை விட்டுத் தடவினார். "இது என்ன, தீக்குச்சியா?" ஆமாம் என்றேன், செய்து முடித்தபோது சக்கரம் காலில் இடித்தது, நான் வெட்டினது தப்பு என்று நினைத்து, இரண்டு பக்கமும் தீக்குச்சித் துண்டு வைத்துக் காலை அகட்டினேன். அவர் ராட்டினத்தைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க வெட்டினது தப்பில்லம்மா" என்றார். பிறகு சொன்னதைக் கேட்கக் கேட்க நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். துறைமுக ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் டிரேசராக இருந்தாராம், இன்ஜினியர் போடுகிற வரைபடத்தைத் துணியில் மை வைத்து நகல் எடுக்கிற வேலை. பகல் முழுக்க அடுத்தவர் கோடு, வீட்டுக்கு வந்து தன் கோடு. அனுப்பினதையெல்லாம் மதுரை ஆசிரியர் போட்டார். பத்தொன்பதாவது இதழில் மட்டும், காலின் படம் பக்கத்தில் அடங்கவில்லை என்று அச்சகத்தில் கொஞ்சம் சுருக்கிவிட்டார்கள். சக்கரம் சரியான அளவு, கால் சின்னது. "இதழு கைக்கு வந்த அன்னைக்கே ஸ்கேல வச்சுப் பார்த்தேன், நூத்துக்கு ஆறு குறையுது. செய்யுத பிள்ளைக எல்லாருக்கும் உரசும். தான் வெட்டினதுதான் கோணல்னு நினைச்சுக்கிடும். திருத்தம் எழுதி, மணல் பெட்டியும் போட்டு, ஒரே கவர்ல அனுப்புனேன். கவர் திரும்பி வந்துட்டு. ஆசிரியரு தவறிப்போயிட்டாராம். அதோட பத்திரிகையும் முடிஞ்சு போச்சு." எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. "அப்ப இருபதாவது இதழு?" "வரவே இல்லையேம்மா." சங்கரன்கோவிலும் மதுரையும் பரணும் அப்பளக் கட்டையும் கண் முன்னால் ஓடின. நாங்கள் இரண்டு பேரும் இத்தனை வருஷம் தேடியது அச்சே ஆகாத ஒன்றை. ஏமாற்றமாக இருக்க வேண்டும், இல்லை. கிடைக்காததற்குக் காரணம் கிடைத்துவிட்டது, நெஞ்சில் ஏதோ ஒரு நட்சத்திரம் அதன் எண்ணோடு போய் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அவரோ என்னைப் பார்க்காமல் ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா மகன் சொன்னான், ஆயிரம் பேரு எடுத்துருக்காங்கன்னு. எனக்கு அன்னைக்கு ராத்திரி உறக்கமே இல்ல. முந்தி எங்கயோ பத்து வீட்டுல உரசிக்கிட்டு இருந்துச்சு, இப்ப ஆயிரம் வீட்டுல உரசுது. அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன். திருப்பி வரையணும், கண்ணு விட மாட்டேங்குது." அவர் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் பயந்துபோய் வந்திருக்கிறேன்.

"வரைய வேண்டாம்மா" என்றேன். வாழ்க்கையில் எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றுதான், அது அப்போது வாயில் வந்து நின்றது. "ஆறு குறையுதுன்னா அந்த ஒரு பக்கத்த மட்டும் நூத்தி ஆறு போட்டு எடுத்தா போதும். சரியா உக்காந்துரும்." "நூத்தி ஆறுன்னா?" "மிஷின்ல நம்பர் இருக்கும்மா. அமுக்கினா அது பெருசாக்கிக் குடுத்துரும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். "ஒரே அழுத்துலயா?" "ஒரே அழுத்துதான்." "கோடு தடிக்காதா?" "கொஞ்சம் தடிக்கும், தெரியாது." பிறகு வாய்க்குள்ளேயே சிரித்தார், தோள் மட்டும் குலுங்கியது. "விக்கிறானே ஒருத்தன், அவன் அந்தச் சின்னக் காலோடதானே விக்கிறான்?" ஆமாம் என்றேன். "வாங்கினவனெல்லாம் அவன்கிட்டப் போய் உரசுதுன்னு சண்டை போடட்டும். அதுக்கு மேல என்னால என்ன செய்ய முடியும்." இரண்டு பேரும் சிரித்தோம். டீ போட்டுக் கொண்டு வந்தார், உதவிக்கு எழுந்தவளை உட்காரச் சொல்லிவிட்டார். பீரோவின் அடித் தட்டிலிருந்து ஒரு கவரை எடுத்தார், மதுரை விலாசம் அடித்துத் திருப்பி அனுப்பின அதே கவர். உள்ளே மணல் பெட்டி, டிரேசிங் தாளில், நாலு பக்கம், புள்ளிக்கோடும் நட்சத்திரமும். தொடப் பயமாக இருந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தொட்டேன்.

ஒரு தாளில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். யாரும் நகல் எடுக்கலாம், செய்யலாம், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம், விற்கக் கூடாது, பெயரை எடுக்கக் கூடாது. பத்தொன்பதாம் இதழின் கால் படத்தை நூற்றாறு சதவீதத்தில் எடுக்கவும், தவறுக்கு வருந்துகிறேன். வருந்துகிறேன் வேண்டாம்மா, தப்பு அச்சகத்தோடது என்றேன். இருக்கட்டும், எழுதுங்க என்றார். கையெழுத்துப் போட்டார். டிரேசிங் தாளை இங்கேயே எங்காவது நகல் எடுத்துவிட்டு அசலைக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன். தலையை ஆட்டினார். "பென்சில் கோடு எனக்குத் தெரியவே மாட்டேங்குது. நீங்க போட்டிருந்தீங்களே போன்ல, கன்னங்கரேர்னு, அதுதான் தெரிஞ்சுது. அசல நீங்க கொண்டுபோங்க. எனக்குக் கருப்பா, பெருசா ஒரு நகல் எடுத்துத் தபால்ல போட்டு விடுங்க." நான் வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன், அதற்குள் அவர் ராட்டினத்தை மறுபடி கையில் எடுத்துவிட்டார். ஒரு தொட்டிலின் மூலையைக் கட்டைவிரலால் வருடினார். "இந்த மூலை என்ன இவ்வளவு கூரா மடிஞ்சிருக்கு? நான் போட்ட கோட்டுல மடிச்சா இப்படி வராதே." கோட்டின் உள்பக்கம் ஓர் ஊசியால் கீறிவிட்டு மடித்தேன் என்று சொன்னேன். "எத்தன தடவ கீறணும்?" "ரெண்டு தடவம்மா, மெல்ல." "அதையும் எழுதுங்க." எழுதினேன். "அது நான் சொன்னதில்லயே, நீங்க கண்டுபிடிச்சது. அதுக்குக் கீழ உங்க பேரப் போடுங்க." பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். எத்தனை லட்சம் பக்கம் நகல் எடுத்திருப்பேன், ஒன்றில்கூட என் முழுப் பெயர் வந்ததில்லை. கரண்ட் பில்லில் வீட்டுக்காரர் பெயர், போர்டில் பாதிப் பெயர். "பிரம்மசக்தி" என்று எழுதினேன். "இனிஷியல்?" என்றார் மச்சாது அம்மா. அப்பாவின் எழுத்தைப் போடுவதா, வீட்டுக்காரருடைய எழுத்தைப் போடுவதா என்று பேனா கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே நின்றது. வெளியே யாரோ மீன் மீன் என்று கூவிக்கொண்டு போனார்கள்.

"இனிஷியல் வேண்டாம்மா" என்றேன். "பேரு மட்டும் போதும்."